நாலு மணிக்குத் திறப்பேன்

அந்த அம்மா ஒரு கதவைப் பூட்டினால், எப்போது திறப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். உள்ளே இருப்பவள் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். உள்ளே இருப்பவள் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாலும் சொல்வார்.

“நாலு மணிக்குத் தெறப்பேன்.”

நாலு மணிக்குத் திறப்பார். ஐந்து நிமிடம் முன்னே இல்லை. ஐந்து நிமிடம் பின்னே இல்லை.

அவருடைய பேர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. எல்லோரும் சாவிக்காரம்மா என்றுதான் கூப்பிட்டோம். தருமபுரிக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கம் மனநோய் வார்டு. அந்த வார்டின் கடைசியில் கம்பிக் கதவு போட்ட நாலு அறை. ரொம்ப முற்றிப்போய் வருகிற பெண்களை முதலில் அங்கேதான் வைப்பார்கள். அடங்கினதும் வெளி வார்டு. அப்புறம் வீடு. அந்த நாலு அறைக்கும் பகலில் அவர்தான் காவல், அவர்தான் துணை.

நாற்பது வயசு இருக்கும். ஒல்லி. எல்லைப் பக்கத்து ஊர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். கையில் ஆம்பளைக் கடிகாரம் கட்டியிருப்பார். வார் பெரிசு, மணிக்கட்டில் நிற்காது. முழங்கைக்குக் கிட்டே ஏற்றி மாட்டியிருப்பார். காலையில் ஆபீஸ் ரூம் ரேடியோவில் மணி சொல்லும்வரை நின்று, முள்ளைச் சரி செய்துகொண்டுதான் வார்டுக்குள் வருவார்.

நான் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக்காரன். முக்கால் ஏக்கர் நிலம். படிப்பு மூணாங்கிளாஸ். என் வீட்டுக்காரி செசிலி எட்டாவது படித்தவள். இந்த வித்தியாசம் எனக்கு ஒரு நாள் மறந்துபோனது. அதிலிருந்துதான் அந்த அம்மாவைத் தெரியும்.

எங்கள் ஊருக்கு டிவி வருவதற்கு முந்தின வருசம். முதல் பிள்ளை பிறந்து பதினெட்டாம் நாள் செசிலிக்குத் தூக்கம் போய்விட்டது. மூன்று நாள் கண் மூடவில்லை. பிறகு, இது என் பிள்ளை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்றாள். ஒரு காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்று மேட்டில் நின்றாள். நான் தக்காளிக் காட்டில் இருந்தேன். அலறல் கேட்டு ஓடினேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பிள்ளையைத் தங்கச்சியிடம் கொடுத்தோம். அவளுக்கும் கைப்பிள்ளை இருந்தது. இரண்டுக்கும் பால் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு என்றால் செசிலி வர மாட்டாள். ஏரியூரில் அவள் அண்ணன் வீடு. அங்கே போகலாம் என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. தலை சீவி, நல்ல சேலை எடுத்துக் கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். தருமபுரிவரை பஸ்ஸில் சத்தமில்லாமல் வந்தாள். துணைக்கு என் பங்காளி ஒருத்தன். தருமபுரியில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஏற்றப் போனேன். அவள் நின்றுவிட்டாள். பஸ்ஸின் நெற்றியில் இருந்த போர்டைப் படித்தாள்.

“இது ஏரியூர் பஸ்ஸு இல்லியே.”

பிறகு கத்த ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பங்காளி பிடித்துக்கொண்டான். தக்காளிக் கூடை கட்டும் கயிறு என் பையில் இருந்தது. கட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியதும் அந்த அம்மா வந்தார். செசிலியின் முகத்தைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.

“யாரு கட்டுனது?”

“நான்தாங்க.”

“நீயே அவுரு.”

“ஓடிருவாங்க.”

“ஓடுனா நா புடிச்சிக்கறேன். கட்டுன கைதான் அவுக்கணும்.”

அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். கயிற்றை அவர் வாங்கிச் சுருட்டி என் பையிலேயே போட்டார்.

“இது கூடைக்கு. இனிமே கூடையத்தான் கட்டணும். என்ன சொல்லிக் கூட்டியாந்தே?”

“அண்ணன் வூட்டுக்குன்னு.”

“அவளுக்குத் தெரிஞ்சிருச்சா?”

“பஸ்ஸு போர்டு படிச்சிட்டாங்க.”

“உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“எழுத்துக் கூட்டுவேங்க.”

“அதான். ஒரு வாரம் கூடுச்சு.”

எனக்குப் புரியவில்லை. “என்னங்க கூடுச்சு?”

“பொய் சொல்லிக் கூட்டியாந்தா ஒரு வாரம் கூடும். புருசனே பொய்யின்னா, மருந்து குடுக்கறவ எப்படி நெசமாவா? போ. இது ஆஸ்பத்திரி, நாந்தான் பொய் சொன்னேன்னு அவகிட்ட நீயே சொல்லு.”

சொன்னேன். செசிலி என் மேல் துப்பினாள்.

“ஆய்த்து,” என்றார் அந்த அம்மா. கன்னடத்தில் முடிந்தது என்று அர்த்தம். எந்த வேலை முடிந்தாலும் அதைச் சொல்வார். அன்றைக்கு எதுவும் முடிந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பெங்களூரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வருவார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது, இருபது நாளும் ஆகலாம், இரண்டு மாசமும் ஆகலாம் என்றார். வெளியே வந்ததும் அந்த அம்மாவைக் கேட்டேன்.

“நாப்பது,” என்றார். “உன் பொய்யோட நாப்பத்தேழு.”

நோயாளியோடு வீட்டு ஆள் ஒருத்தர் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எங்கள் வீட்டிலிருந்து வேறு பெண்கள் வரவில்லை. நான்தான். பெண்கள் வார்டு என்பதால் எனக்கு இடம் வராந்தாவுக்கு வெளியே, புங்க மரத்தடி. தக்காளி பறிக்கிற நாள் மட்டும் ஊருக்குப் போய் வருவேன். மற்ற நாளெல்லாம் அந்த மரத்தடியிலிருந்து கதவுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் நாலைந்து நாள் செசிலி கதவை உதைத்தாள். ஊசி போட்டால் தூங்குவாள். எழுந்து உதைப்பாள். ஒரு நாள் மத்தியானம் உதைக்கிற சத்தம் நின்றது. குரல் வந்தது.

“மணி என்ன?”

“மூணே கால்.”

கொஞ்ச நேரம். “மணி என்ன?”

“மூணு இருவது.”

“இப்ப?”

“மூணு இருவத்தொண்ணு. முள்ளு மெதுவாத்தான் போவும் கண்ணு.”

நான் எண்ணவில்லை. ஆனால் நாலு ஆவதற்குள் முப்பது தடவையாவது கேட்டிருப்பாள். முப்பது தடவையும் அவர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொன்னார். சும்மா சொல்லவில்லை. ஊசி போட வந்த நர்ஸ் நின்று பார்த்துவிட்டு, “ஏம்மா, உனக்கு வாய் வலிக்கலியா?” என்றார்.

“சீக்கு மணி கேக்காதுங்க. கேக்கறது அவ. அவளுக்குத்தான் பதில் சொல்றேன்.”

இதைக் கேட்டு அவர் நல்லவர் என்று நினைத்தேன். இரண்டு நாளில் அந்த நினைப்பு போய்விட்டது.

பக்கத்து அறையில் ஒரு பெண். எல்லைப் பக்கத்து ஊர்தான். அண்ணன் கொண்டுவந்து விட்டுப் போனவன் திரும்பவில்லை. அவளோடு இருந்த கிழவியும் ஒரு நாள் சொல்லாமல் போய்விட்டது. அவள் தினம் ஒரே கேள்வி கேட்பாள். “எங்கண்ணன் நாளைக்கு வருவானாக்கா?”

“தெரியாது.”

தினம் கேட்பாள். தினம் தெரியாது. வார்டுக்குப் பெரிய சிஸ்டர் ஒருவர் இருந்தார். வயசான கன்னியாஸ்திரி. அவர் பொறுக்க முடியாமல் சொன்னார்: “வருவான்னு ஒரு வார்த்த சொன்னா நீ கொறஞ்சா போயிருவே?”

“கொறஞ்சுதான் போவேங்க சிஸ்டர்.”

அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் தட்டு அப்படியே திரும்பி வந்தது. நான் மரத்தடியிலிருந்து பார்த்தேன். என்ன பிறவி இது, கல் என்று நினைத்தேன். செசிலியை இவரிடம் விட்டிருக்கிறோமே என்று பயமாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிறு. அவருக்கு லீவு. திங்கட்கிழமை காலையில் வந்தார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ரேடியோவுக்காக நின்றார். பிறகு நேராக அந்த அறைக்குப் போனார். கம்பிக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்தார்.

“உங்கூருக்குப் போயிட்டு வந்தேன். ரெண்டு பஸ்ஸு மாறி. உங்கண்ணன் வர மாட்டான். நா கேட்டேன், மாட்டேன்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டான். உங்கக்கா மக வருவா. கள்ளக்கா புடுங்கி முடிச்சிட்டு வரேன்னா. பதினஞ்சு நாளு ஆவும். அவ மாமியாகாரியையும் பாத்துப் பேசிட்டேன்.”

அந்தப் பெண் அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு தட்டை எடுத்தாள்.

அக்கா மகள் பதினாலாம் நாள் வந்தாள். கையில் ஒரு பை வேர்க்கடலை.

அந்தக் கடிகாரத்தைப் பற்றி ஒரு தடவை கேட்டேன். “உங்க வூட்டுக்காரருதுங்களா?”

“ஆமா. சந்தைக்குப் போயிட்டு வரேன்னு கழட்டி வெச்சிட்டுப் போனாரு. எப்ப வரேன்னு சொல்லல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. கடிகாரம் நல்லா ஓடுது.”



பதினாறாம் நாள். முந்தின சாயங்காலம் பூட்டும்போது, “காலையில எட்டு மணிக்குத் தெறப்பேன்,” என்று நாலு கதவிலும் சொல்லிவிட்டுப் போனார். எட்டாயிற்று. ஆள் இல்லை. எட்டேகால். செசிலி உதைக்க ஆரம்பித்தாள். இன்னொரு அறையிலும் சத்தம். இராத்திரி ஆயாவிடம் சாவி இருந்தது. நான் போய்க் கேட்டேன்.

“நீங்களாச்சும் தெறக்கக் கூடாதுங்களா?”

“அய்யோ, நா மாட்டேன். அந்தம்மா சொன்ன கதவு. அந்தம்மாவே வந்து தெறக்கட்டும்.”

எட்டு நாற்பதுக்கு அவர் வந்தார். ஒரு கையில் செருப்பு. பஸ் பாதி வழியில் நின்றுபோய், மீதி தூரம் நடந்தும் ஓடியும் வந்திருக்கிறார். ஆபீஸ் பக்கம் போகவில்லை. முதல் கதவுக்குப் போனார். கை கூப்பினார்.

“நாப்பது நிமிசம் தப்பாயிருச்சு. மன்னிச்சுரு.”

திறந்தார். அடுத்த கதவு. “நாப்பது நிமிசம் தப்பாயிருச்சு. மன்னிச்சுரு.” மூன்றாவது கதவு செசிலி. வராந்தா ஓரத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். அவர் கும்பிட்டதைப் பார்த்தாள். குனிந்து அவர் காலைப் பார்த்தாள்.

“பஸ்ஸு கெட்டுப்போச்சாக்கா? கால்ல ரத்தம் வருது.”

“ஆமா கண்ணு. செருப்பு வாரு அந்துருச்சு.”

“மஞ்ச வெச்சுக் கட்டுங்க.”

“கட்டறேன். மொதல்ல நாலாவது கதவத் தெறந்துட்டு வரேன்.”

தூக்கம் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் இன்னொருத்தரை ஒரு வார்த்தை விசாரித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டேன். நாலாவது கதவைத் திறந்துவிட்டு அந்த அம்மா என்னைக் கடந்து போனார்.

“கேட்டியா?”

“கேட்டேங்க.”

“அந்தப் பொய் வாரத்தக் கழிச்சுரு. நாப்பதுதான்.”

அதற்குப் பிறகு செசிலி தேறினாள். தூங்கினாள். குளித்தாள். பகலில் கதவு திறந்தே கிடந்தது. இருபத்திரண்டாம் நாள் நான் அவரிடம் போய் நின்றேன்.

“கூட்டிட்டுப் போயிரட்டுங்களா? நல்லாத்தான இருக்காங்க.”

“தக்காளிய எப்படிப் பறிப்பே?”

“தூர ஊருக்குன்னா காயாப் பறிப்போம். லாரியில போறப்பவே பழுத்துக்கும்.”

“இவ அப்படிப் பழுக்க மாட்டா. நாலாம் நம்பர் ரூம்ல போயிப் பாரு.”

எனக்குத் தெரியும். நாலாம் நம்பரில் இருந்த பெண்ணை, நாங்கள் வந்த முதல் வாரத்திலேயே, கரும்பு வெட்டுக்கு ஆள் வேண்டும் என்று அவளுடைய இருபதாம் நாளில் வீட்டுக்காரர்கள் கூட்டிப் போனார்கள். வெளியே இன்னும் இரண்டு பேர் இடத்துக்குக் காத்திருந்தார்கள். டாக்டரும் சரி என்றார். பத்து நாளில் திரும்பிக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை அவள் மணி கேட்கவில்லை.

ஆனால் என் அவசரம் வேறு. ஊருக்குப் போனபோது என் அம்மா சொல்லிவிட்டது.

“மாசக்கணக்குல கம்பிக்குள்ள இருந்தவ திரும்பி வந்து குடும்பம் நடத்துனதா எங்கியாச்சும் கேட்டிருக்கியா? புள்ளய உன் தங்கச்சிக்கே குடுத்துரலாம். அவளே ஆத்தாளா இருந்து வளக்கட்டும். ஞானஸ்நானத்த சீக்கிரம் முடிச்சுரலாம்னு சாமியார்கிட்டச் சொல்லிட்டேன்.”

நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். எனக்குப் பேச வராது. அன்றைக்குப் பேசியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் செசிலி என்னைக் கூப்பிட்டாள். “பாப்பாவப் பாக்கணுங்க.”

“ஞாயித்துக்கெழமை கூட்டியாறேன்,” என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது.

அந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. என்னை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“எந்த ஞாயிறு?”

“வர்ற ஞாயிறுங்க.”

“எத்தன மணிக்கு?”

“பத்து மணிக்கு.”

“பஸ்ஸு இல்லேன்னா? மழை வந்தா? உங்கம்மா புள்ளயத் தரலேன்னா?”

கடைசியாகக் கேட்டதுதான் என் பயமும்.

“இப்பவே போயி, தெரியல, முடிஞ்சாக் கூட்டியாறேன்னு சொல்லிரு. அழுவா. அழுதா ஒண்ணும் ஆவாது. பத்துன்னு சொல்லிட்டு வரலேன்னா, நா இத்தன நாளு தெறந்த கதவு அத்தனையும் வீணாப் போயிரும்.”

நின்றேன். பிறகு உள்ளே போனேன். “பத்து மணிக்கு,” என்று செசிலியிடம் சொன்னேன். வெளியே வந்தபோது அவர் என்னைத் திட்டவில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். வீட்டில் வெள்ளைக் கவுனும் மெழுகுவத்தியும் எடுத்து வைத்திருந்தது. மறுநாள் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். பேர்கூட அம்மாவே வைத்துவிட்டது.

ஞாயிறு விடிந்ததும் பிள்ளையைத் தூக்கினேன். அம்மா வாசலை மறித்தது.

“எங்கடா?”

“அவளுக்குக் காட்டிட்டு வரேன். பத்து மணிக்குன்னு சொல்லியிருக்கேன்.”

“பைத்தியத்துகிட்டப் புள்ளயக் கொண்டுபோறியா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?”

“நான் பக்கத்துலயே இருப்பேன்.”

“கெணத்து மேட்டுல எங்கடா இருந்தே?”

அம்மா கேட்டது நியாயம். அன்றைக்கு அம்மாதான் முதலில் பார்த்து அலறியது. அந்த அலறலில்தான் நான் ஓடினேன். பிள்ளை மேல் அதற்கு இருந்த பயம் பொய் இல்லை.

தங்கச்சி உள்ளேயிருந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். “நானும் வரேண்ணா. வழியில பசிச்சா யாரு பால் குடுக்கறது, நீயா?”

“ஏண்டி, உனக்கும் புத்தி கெட்டுப்போச்சா?” என்றது அம்மா.

“எம் புள்ளயப் பாத்துக்கம்மா. சாயங்காலம் வந்துருவேன்.”

“அப்ப ஞானஸ்நானம்?”

“அவங்கம்மா வந்தப்புறம்,” என்றேன். அம்மாவை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. இரண்டே வார்த்தை. அம்மா வழி விட்டது. திட்டிக்கொண்டேதான் விட்டது.

ஆறரை பஸ் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது வந்தால் உண்டு. ஏழு மணிவரை நின்றோம். தக்காளி ஏற்றிய லாரி ஒன்று வந்தது. தெரிந்த டிரைவர். கையைக் காட்டினேன். முன்னால் ஏற்கெனவே ஆள் இருந்தது. பின்னால் கூடைகளுக்கு நடுவில் ஏறினோம்.

“யக்கா, நசுங்காமப் புடிச்சுக்க,” என்றான் டிரைவர். “புள்ளையையும் சொல்றேன், தக்காளியையும் சொல்றேன்.”

ஒன்பது நாற்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு லீவு. ஆனால் வராந்தாவில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். நான் உள்ளே காலை வைத்தேன்.

“இன்னும் இருவது நிமிசம் இருக்கு. மரத்தடியில உக்காருங்க.”

தங்கச்சிக்குக் கோபம். “வந்தாச்சே, இன்னும் என்ன?”

“பத்துன்னுதான சொன்னீங்க. அவ அதுக்குத்தான் தயாராவறா.”

உட்கார்ந்தோம். பத்து மணிக்கு அவர் வெளிக்கதவைத் திறந்தார். “ஆய்த்து,” என்றார்.

செசிலி தலை சீவி, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை உடனே வாங்கவில்லை. எட்டி நின்று பார்த்தாள். என் தங்கச்சியைப் பார்த்து, “பால் குடிக்கிறாளா?” என்றாள்.

“எம் புள்ளைக்கு மிச்சம் வெக்கறதில்ல அண்ணி. அவ்வளவும் இவளுக்கே வேணும்.”

செசிலி லேசாகச் சிரித்தாள். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பினாள். “நா தூக்கலாமாக்கா?”

“என்ன எதுக்குக் கேக்கறே? உன்துதான? பத்து நிமிசம் வெச்சுக்க. அப்புறம் வாங்கிக்குவேன்.”

செசிலி வாங்கினாள். பிள்ளைக்குக் கீழே அந்த அம்மாவின் கை ஒன்று இருந்தது. பத்து நிமிடமும் இருந்தது. எடுக்கவே இல்லை. செசிலிக்கு அது தெரியும். பிள்ளையின் காது, விரல், கால் எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“எம் புள்ளதான்,” என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

பத்து நிமிடம் ஆனதும் அந்த அம்மா கேட்கவில்லை. செசிலியே தூக்கிக் கொடுத்தாள். “அடுத்த ஞாயிறும் பத்து மணிங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

“பத்து மணி,” என்றேன்.

அடுத்த ஞாயிறும் போனோம். அடியில் இருந்த கை பாதி நேரத்தில் எடுக்கப்பட்டது. அதற்கடுத்த ஞாயிறு அம்மாவும் கூட வந்தது. மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தது. உள்ளே வரவில்லை. ஆனால் செசிலிக்குத் தூக்குவாளியில் களியும் கீரையும் கொண்டுவந்திருந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். “நாப்பதுன்னீங்களே,” என்று செசிலி அந்த அம்மாவைக் கேட்டாள்.

“டாக்டரு ரெண்டு நாளு லீவு போட்டுட்டாரு. அது எங்கணக்குல வராது.”

ஞானஸ்நானம் அதற்கடுத்த வாரம் நடந்தது. மெழுகுவத்தியைச் செசிலி பிடித்தாள். பேரையும் அவளே வைத்தாள்.

அந்த வார்டுக்குப் போனவர்கள் எல்லோரும் தேறவில்லை. நாலாம் நம்பர் பெண்ணை அந்த வருசம் மட்டும் மூன்று தடவை பார்த்தேன். தேறியவர்களும் உண்டு. மாசம் ஒரு தடவை மருந்து வாங்கப் போகும்போது அந்த அம்மா எல்லா வீட்டுக்காரர்களிடமும் இதையே கேட்பார்.

“தூங்கறாளா?”

“தூங்கறாங்க.”

“சோறாக்கறாளா?”

“ஆக்கறாங்க.”

“உன்கூடச் சண்ட போடறாளா?”

“தினம் போடறாங்க.”

“அப்ப நல்லாயிட்டா. போ.”

மூன்று வருசம் கழித்து இரண்டாவது பிள்ளை பிறந்தது. அது பிறந்த பத்தாம் நாள் காலையில் நான் தக்காளிக் காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செசிலி பையோடு நின்றாள்.

“ரெண்டு நாளாத் தூக்கம் இல்லீங்க. கெளம்புங்க.”

பெரியவளைக் கூப்பிட்டு, “அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஒடம்பு சரியானதும் வந்துருவேன். ஞாயித்துக்கெழமை அப்பாகூட வந்து பாரு,” என்று சொன்னாள். கைப்பிள்ளையை என் அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டு, “போயிட்டு வா சாமி,” என்றது.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அவளே போர்டு படித்தாள். “இதான். ஏறுங்க,” என்றாள்.

அந்த அம்மாவுக்கு முன்தலை நரைத்திருந்தது. கடிகாரம் அதே இடத்தில், முழங்கைக்குக் கிட்டே. எங்களைப் பார்த்ததும் என்னிடம்தான் கேட்டார்.

“என்ன சொல்லிக் கூட்டியாந்தே?”

நான் வாயைத் திறந்தேன். செசிலி முந்திக்கொண்டாள்.

“நாந்தாங்க்கா இவரக் கூட்டியாந்தேன்.”

அந்த அம்மா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“கயிறு எங்கே?”

“கூடையில இருக்குங்க,” என்றேன்.

“எத்தன நாளுங்க ஆவும்?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. செசிலியைப் பார்த்தார். “நீ சொல்லு.”

செசிலி கொஞ்சம் யோசித்தாள். “பத்து.”

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கம்பிக் கதவு அறைக்கு அவளை அனுப்பவே இல்லை. வெளி வார்டில் கட்டில் கொடுத்தார்கள். தானாக வந்தவள் என்று துணைக்கு ஆளும் கேட்கவில்லை. அந்த ஒன்பது நாளும் அவள் கதவை யாரும் பூட்டவில்லை.

முதல் நாள் நான் கிளம்பும்போது வராந்தாவரை வந்தாள். “ஞாயித்துக்கெழமை எத்தன மணிக்கு வருவீங்க?”

அந்த அம்மா பக்கத்தில் நின்றார். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸை நினைத்துப் பார்த்தேன். மழையை நினைத்துப் பார்த்தேன். “பத்து மணிக்கு,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரியவள் உள்ளே ஓடப் பார்த்தாள். கையைப் பிடித்து மரத்தடியில் உட்கார வைத்தேன். இன்னும் இருபது நிமிடம் இருந்தது.